கதவு சீக்கிரம் திறந்துவிடக் கூடாது

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே ஒரு வேலைக்குப் போட்டி போட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? காம்பினா கிராண்டி நகரத்தின் அந்த மஞ்சள் வீட்டில் எரிந்தது. போன வாரம் முழுக்க எரிந்ததைப் பார்த்தோம்.

இந்த வாரம்தான் முதல்முறை எட்டிப் பார்க்கிறீர்களா? பரவாயில்லை, உள்ளே வாருங்கள். ஜுசாராவுக்கு நாற்பத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. அந்த ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது, திரும்பவும் தற்காலிகமாக எடுக்கச் சட்டம் விடாது. அதே துறையில் நிரந்தரப் பதவி ஒன்று காலி. ஒன்றே ஒன்று.

எழுத்துத் தேர்வில் வடிகட்டிய பிறகு மிஞ்சியது மூன்று பேர். ஜுசாரா, ரெசிஃபே நகரத்திலிருந்து வந்திருக்கும் பெலிசாரியோ என்ற கண்ணாடிக்காரர், அப்புறம் நிவால்டோ. நிவால்டோ வேறு யாருமில்லை. ஜுசாராவின் புருஷன் எராஸ்மோவுடைய கூடப்பிறந்த தம்பி.

மிச்சமிருந்தது பாடத் தேர்வு. நேற்றுக் காலையில் எல்லோர் முன்னாலும் பையில் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். வந்த தலைப்பு, வலைப்பின்னலில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது. மூவருக்கும் அதே தலைப்புதான். ஒரு நாள் அவகாசம். மறுநாள் குழுவின் முன் நின்று வகுப்பு எடுக்க வேண்டும். ஐம்பது நிமிடத்துக்குக் குறைந்தால் ஆள் அவுட். அறுபதைத் தாண்டினாலும் அவுட்.

ஆக, நேற்று முழுக்க அண்ணி சமையலறையிலும் கொழுந்தன் முன்னறையிலும் உட்கார்ந்து ஒரே பாடத்தைத் தயார் செய்தார்கள். நடுவில் ஒரு சுவர். எராஸ்மோ அந்தப் பக்கம் ஒரு தட்டு சோளமாவு கூஸ்கூஸ், இந்தப் பக்கம் ஒரு தட்டு கூஸ்கூஸ் என்று நடந்து நடந்து கால் ஓய்ந்தான். ஜூன் மாதம் அவனுக்குத் திருவிழாக் கச்சேரி மாதம், அக்கார்டியனைக் கீழே வைக்க நேரம் இருக்காது. இருந்தும் நேற்று ஒத்திகைக்குப் போகவில்லை.

போகாமல் வீட்டில் இருந்து அவன் செய்த காரியம்தான் இன்று வெடிக்கப் போகிறது.

*

காலையில் தூறல். முதலில் வகுப்பு எடுக்க வேண்டியது நிவால்டோ. மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். ஜுசாரா ஓடிவந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"ஒழுங்கா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி."

"குரலை இழுத்துப் பேசாதே. பலகையைப் பார்த்துப் பேசாதே. ஆளுங்களைப் பார்த்துப் பேசு."

"எனக்கு எதிரா போட்டி போடறவங்க எனக்கே யோசனை சொல்றீங்களே!"

"போடா, பெரிய எதிரி இவரு!"

அவன் சிரித்தான். ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேர்வுப் பயம் என்று நினைத்துக்கொண்டாள் ஜுசாரா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அவளை எராஸ்மோ தன் பழைய காரில் கொண்டுவந்து விட்டான். துறைக் கட்டிடத்தின் மேல்மாடி வராந்தாவில், காத்திருக்கும் போட்டியாளர்களுக்கு இரண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் பெலிசாரியோ கண்ணை மூடிக்கொண்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வகுப்பறைக் கதவு. பாடத் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், போட்டியாளர்களைத் தவிர. மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஜுசாராவிடம் படிக்கிற பிள்ளைகள். "நல்லா பண்ணுங்க டீச்சர்" என்று வாயசைத்துவிட்டுப் போனார்கள்.

எராஸ்மோ பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினான். சோளக் கேக்கைத் துணிக்குள்ளிருந்து எடுத்தான்.

"ஏன் இப்படி நகத்தைக் கடிக்கறே? கேக்கைக் கடி. இந்த வேலை உனக்குத்தான்."

"யார் சொன்னா? தேர்வுக் குழுவுல உங்க மாமாவா உக்காந்திருக்கார்?"

"மாமா எதுக்கு? அதான் தம்பி இருக்கான்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜுசாரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எராஸ்மோ, தம்பி இருக்கான்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல. குடி, ஆறிடும்."

"எராஸ்மோ!"

அவன் கழுத்தைத் தடவினான். மேலே பார்த்தான். பொய் சொல்ல வராத மனுஷன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவளிடம் ஒரு பிறந்தநாள் பரிசைக்கூட மறைத்து வைக்கத் தெரியாதவன்.

"நேத்து கொல்லைப்புறத்துல அவன்கிட்ட பேசினேன். உனக்கு வயசு இருக்கு, ஊர் ஊரா வேலை இருக்கு, கனடாவுல கூப்பிடறாங்க. அவளுக்கு இதான் கடைசி வண்டி. கொஞ்சம் விட்டுக்கொடுடான்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒரு நிமிஷம்கூட யோசிக்கல ஜூ. சரிண்ணான்னுட்டான். அண்ணி எனக்குச் செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலன்னா நான் மனுஷனே இல்லன்னான். நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டு இறங்கிடுவானாம். நேரக் கணக்குத் தப்பிடுச்சுன்னு சொல்லிடுவானாம். யாருக்கும் சந்தேகம் வராதாம்."

ஜுசாரா வகுப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போட முடியாத இடம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அடப்பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணியிருக்கே!"

"உனக்காகத்தானே..."

"எனக்காகவா? நீ எனக்கு வேலை வாங்கித் தரல. என்கிட்ட இருந்து அதைத் திருடிட்டே. நாளைக்கே என் பேரைப் படிச்சாங்கன்னு வை. நான் ஜெயிச்சேனா, இல்லை அவன் போட்ட பிச்சையான்னு சாகற வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வகுப்புல நான் எப்படிப் போய் நிப்பேன்?"

"ஜூ, நான் அப்படி நினைக்கல."

"நீ எதையுமே நினைக்கல. அந்தப் பிள்ளை ரெண்டு வருஷம் வெளிநாட்டுக் குளிர்ல கிடந்து படிச்சுட்டு வந்திருக்கான். அவன் முதல் தடவையா இந்த ஊர்ல நின்னு பாடம் எடுக்கப் போறான். அதைப் போய்க் குட்டிச்சுவராக்கச் சொல்லியிருக்கியே!"

எராஸ்மோவின் முகம் தொங்கிப்போனது. பெரிய உடம்புக்காரன், பெஞ்சில் இடம் அடைத்து உட்கார்ந்திருந்தவன், சுருங்கிப்போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

அலுவலகப் பையன் கதவருகே வந்து நின்றான். "பார்வையாளர்கள் உள்ளே போறதுன்னா போயிடுங்க, கதவைச் சாத்தப் போறேன்."

"எழுந்திரு" என்றாள் ஜுசாரா. "நான் உள்ளே கால் வைக்கக் கூடாது. நீ போகலாம். போய் முதல் வரிசையில உக்காரு. அண்ணி சொன்னான்னு அவன்கிட்ட சொல்லு. என்னைத் தோற்கடிக்கணுமாம். முழு வகுப்பும் எடுக்கணுமாம். அவனுக்குத் தெரிஞ்சது அத்தனையும் எடுக்கணுமாம்."

"பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாதுன்னு வெளியே எழுதிப் போட்டிருக்கே?"

"அது உன் பாடு. முடிச்சுப் போட்டது நீ. அவிழ்க்கறதும் நீதான். போ!"

எராஸ்மோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்தியது.

கோபத்தில் அவள் ஒன்றை மறந்தே போனாள். தேர்வு நடக்கையில் ஒரு போட்டியாளர் இன்னொரு போட்டியாளருக்கு எந்த விதத்திலும் செய்தி அனுப்பக் கூடாது என்பது விதி. இரண்டு வருடமாக மாணவர்களுக்குப் பரீட்சை விதி படித்துக் காட்டியவள்தான். மறந்துவிட்டாள். பக்கத்து பெஞ்சில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும் மறந்துபோனது. அந்த மனிதர் காதில் மாட்டியிருந்தாரே தவிர, பாட்டு எதுவும் ஓடவில்லை.

*

இனி அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஐம்பது நிமிடத்துக்குள் அது திறந்தால், தம்பி தோற்றுக்கொடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

உலகத்தில் எந்தப் போட்டியாளராவது, எதிராளியின் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டியிருப்பாரா? ஜுசாரா வேண்டினாள். புனிதை சந்தா ரீத்தாவை வேண்டினாள், முடியாத காரியத்துக்கு அவள்தானே கதி.

நன்றி என்று பார்த்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? டாக்டர் பட்டத்துக்காக அவள் ரெசிஃபேக்கு வாராவாரம் பஸ் ஏறிய காலம். வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவாள். குடையோடு நிற்பான் நிவால்டோ. அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவன். எராஸ்மோ கச்சேரிக்குப் போன நாட்களில் அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டு வைப்பான். ஒருமுறை அவளுடைய ஆராய்ச்சி நிரல் நாலு நாளாக ஓடாமல் நின்றபோது அவள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம், நான் துணிக்கடைக்குப் போறேன்" என்று அழுதாள். அவன்தான் கம்ப்யூட்டரைத் திரும்பத் திறந்து வைத்து, "நாளைக்கு அழலாம் அண்ணி, இன்னிக்கு இந்த ஒரு வரியைப் பாருங்க" என்றான். அவனுக்கு அப்போது அந்த வரியில் ஒரு எழுத்துகூடப் புரியாது.

'எனக்கு நீ செஞ்சதுக்கு நான் என்னடா செஞ்சேன்?' என்று நினைத்துக்கொண்டாள். கண் கரித்தது.

பாதி நேரம்கூட ஆகியிருக்காது, கதவு திறந்தது.

ஜுசாரா எழுந்தே விட்டாள். வெளியே வந்தது தாயீஸ் என்ற மாணவி. வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினாள். கதவு திரும்பச் சாத்தியது. ஜுசாரா உட்கார்ந்தாள்.

"கேக் இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்று பெலிசாரியோவிடம் கேட்டாள். ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

அவர் இயர்போனைக் கழற்றினார். "நன்றிங்க. காலையில வந்த அவசரத்துல ஒண்ணும் சாப்பிடல." ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அவளை ஒரு மாதிரி பார்த்தார், என்னவோ சொல்ல வந்தார், மென்று விழுங்கிவிட்டார்.

கதவின் மேல்பாதி மங்கலான கண்ணாடி. உள்ளே இருப்பது தெரியாது, குரல் மட்டும் கரகரவென்று கேட்கும். நாற்பது நிமிடம் ஆகிற சமயத்தில் அந்தக் குரல் நின்றது.

போச்சு. அவ்வளவுதான்.

சத்தமே இல்லை. யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜுசாரா கண்களை இறுக மூடிக்கொண்டாள். 'வேண்டாண்டா தம்பி. எனக்காக வேண்டாண்டா.'

அப்புறம் பலகையில் சுண்ணக்கட்டி உரசும் சத்தம். திரும்பவும் குரல். முன்னைவிடப் பலமாக, முன்னைவிட வேகமாக. உள்ளே மாணவர்கள் எதற்கோ சிரித்தார்கள். அவள் மூச்சை விட்டாள். ஐம்பது தாண்டியது. கதவு திறந்தபோது ஐம்பத்தேழு.

முதலில் வந்தது எராஸ்மோ. கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன.

"சொன்னியா?"

"எங்கே சொல்ல விட்டாங்க? நான் உக்காரும்போதே அவன் ஆரம்பிச்சுட்டான். எனக்கு ஒண்ணும் ஓடல ஜூ. நம்ம தம்பி அங்கே நின்னு பேசறான், அத்தனை பேரும் எழுதிக்கறாங்க, நான் போய் இதையா நிறுத்தச் சொன்னேன்னு நினைச்சதும் அழுகை வந்துடுச்சு. அடக்க முடியல. அவன் பார்த்துட்டான். பேச்சை நிறுத்திட்டான். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அப்புறம் பலகையைத் துடைச்சுட்டு வேற ஒரு கணக்கை எடுத்தான் பாரு... உங்க ரெண்டு பேருக்கும் பிழைப்பு என்னன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நிவால்டோ வெளியே வந்தான். கையெல்லாம் சுண்ணப்பொடி. வகுப்பைப் பற்றிப் போட்டியாளர்கள் பேசக் கூடாது, பேசவில்லை. இந்த முறை அவளை நேராகப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவு போதும்.

"அடுத்தவங்க வரலாம்" என்றான் அலுவலகப் பையன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது அவளுக்கு நிஜமாகவே ஒரு எதிராளி இருக்கிறான், அதுவும் கெட்டிக்கார எதிராளி. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்காகவும் மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனாள்.

*

அவள் வகுப்பைப் பற்றி என்ன சொல்ல?

சந்தைக்குப் போக வேண்டும், பஸ் நிலையத்தில் நிற்கிறீர்கள், திருவிழாவுக்காகப் பாதித் தெருவை அடைத்துவிட்டார்கள், எப்படிப் போவீர்கள் என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருக்கிற தெருவிலேயே முதலில் நுழைகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று காட்டினாள். ஏற்கெனவே அளந்த தெருவைத் திரும்ப அளக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்னாள். பின்வரிசையில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கிய ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் குழுவும் மறந்தது, ஜூலையும் மறந்தது. இந்தக் கட்டிடம் என்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி, இப்படி நிற்க ஒரு இடம் கொடுத்ததே, அது போதாதா என்று நினைத்தாள். சொன்ன நேரத்துக்குள் முடித்தாள். அவளுக்குப் பின் பெலிசாரியோவும் எடுத்து முடித்தார்.

*

சாயங்காலம் அதே அறை. குழுவில் மூன்று பேர். மதிப்பெண் உறைகளை எல்லோர் கண் முன்னாலும் கிழித்து, ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும். அதுதான் வழக்கம். படிப்பவர் குழுத் தலைவி, பேராசிரியை லவீனியா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

முதல் உறையில் ஜுசாரா முன்னால். இரண்டாவதில் நிவால்டோ முன்னால். மூன்றாவது உறை கிழிந்தபோது எராஸ்மோ பெஞ்சின் விளிம்பைப் பிடித்த பிடியில் அது கிறீச்சிட்டது.

"கூட்டிப் பார்த்ததில் முதலிடம் நிவால்டோ. இரண்டாமிடம் ஜுசாரா. வித்தியாசம் ஒரு தசமப் புள்ளி, அதாவது ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாமிடம் பெலிசாரியோ. இரண்டாமிடம் இரண்டு வருடத்துக்குச் செல்லும். இடையில் வேறு பதவி காலியானால் அவரைத்தான் கூப்பிடுவோம்."

ஒரு தசமப் புள்ளி! ஜுசாராவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்து விழுந்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்த வலி முகத்துக்கு வருவதற்குள் எழுந்து நின்று கைதட்டினாள். முதலில் தட்டியது அவள்தான். அப்புறம்தான் அறை முழுக்கத் தட்டியது. நிவால்டோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"கூட்டக் குறிப்பை முடிப்பதற்கு முன்னால், யாராவது எதையாவது பதிவு செய்ய விரும்புகிறீர்களா?" என்று லவீனியா கேட்டார். எல்லாத் தேர்விலும் கேட்கிற கேள்விதான். யாரும் எதுவும் சொல்வதில்லை.

பெலிசாரியோ எழுந்தார்.

"நான் விரும்பறேன். நான் எத்தனையோ ஊர்ல இந்தத் தேர்வு எழுதியிருக்கேன் மேடம். போட்டியாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில வராந்தாவுல ஒண்ணு கேட்டேன். தன்னோட எதிராளி தனக்காக விட்டுக்கொடுக்கப் போறான்னு தெரிஞ்சதும், இந்தம்மா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, 'என்னைத் தோற்கடிக்கச் சொல்லு, முழு வகுப்பும் எடுக்கச் சொல்லு'ன்னு உள்ளே அனுப்பினாங்க. நான் தோத்துட்டேன், ராத்திரி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். ஆனா இப்படி ஒருத்தங்களைப் பார்த்ததுக்காக நான் நன்றி சொல்லணும். அது இந்தக் குறிப்புல இருக்கணும்."

உட்கார்ந்தார். நல்ல மனுஷன், ஒரு சின்னக் கள்ளமும் இல்லாமல் பேசினார்.

லவீனியா பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டர் பெலிசாரியோ, பாராட்டறதா நினைச்சு நீங்க என்ன சொல்லியிருக்கீங்கன்னு புரியுதா? தேர்வு நடக்கும்போது ஒரு போட்டியாளர் இன்னொருத்தருக்குச் செய்தி அனுப்பினார்னு சொல்லியிருக்கீங்க. இதை நான் எழுதினா தேர்வே ரத்தாகும். மூணு பேரும் முதல்லேர்ந்து எழுதணும்."

பெலிசாரியோவின் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ... நான் அப்படிச் சொல்லல. எழுதாதீங்க மேடம், நான் வாபஸ் வாங்கிக்கறேன்!"

"அறை நிறைய ஆளுங்க கேட்டாச்சு. எதை வாபஸ் வாங்குவீங்க?" லவீனியா திரும்பினார். "ஜுசாரா, இது உண்மையா?"

எராஸ்மோ அவள் முழங்கையைப் பிடித்தான். "வாயைத் திறக்காதே ஜூ."

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. இல்லை என்று சொன்னால் தம்பிக்கு வேலை நிலைக்கும். பெலிசாரியோ பொய்யர் ஆவார். ஆமாம் என்று சொன்னால் தேர்வு ரத்து. மறுபடியும் தேர்வு, மறுபடியும் அவளுக்கு ஒரு வாய்ப்பு. ஒரு தசமப் புள்ளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். உண்மையைச் சொன்னால் அவளுக்குத்தான் லாபம். எப்படிப்பட்ட சோதனை பாருங்கள்!

எழுந்தாள்.

"உண்மைதான் மேடம். அவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லல. சொல்லி அனுப்பினது நான்தான்."

நிவால்டோ வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"ஆனா அது போய்ச் சேரல" என்றாள் ஜுசாரா. "என் வீட்டுக்காரரைக் கேளுங்க."

"உள்ளே என்ன சொன்னீங்க?" என்று லவீனியா கேட்டார்.

எராஸ்மோ தொப்பியைக் கசக்கினான். "ஒண்ணும் சொல்லல மேடம். அழுதேன்."

"அழுதீங்களா?"

"ஆமா மேடம். முதல் வரிசையில உக்காந்து. நீங்ககூட பார்த்தீங்களே."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். லவீனியா சிரிக்கவில்லை. "அழக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்லை" என்று மட்டும் சொன்னார். "விட்டுக்கொடுக்கறதா ஒரு பேச்சு வந்ததே, அது?"

"விட்டுக்கொடுக்கல மேடம்" என்றான் நிவால்டோ. "நான் எடுத்த வகுப்பை நீங்களே பார்த்தீங்க."

"அதான் மேடம் நானும் சொல்றேன்" என்றாள் ஜுசாரா. "அவன் எதையும் மீறல. செய்தி அனுப்பக் கூடாதுன்னு விதி. அனுப்பினது ஒரே ஆள். அப்போ தண்டனையும் ஒரே ஆளுக்குத்தானே? என் பேரை அடிச்சுடுங்க. அவன் பேரைத் தொடாதீங்க."

"அண்ணி! ரெண்டு வருஷம் இருக்கு அந்த இடத்துக்கு!"

"தெரியும். உக்காரு."

"அப்போ என் பேரையும் அடிங்க" என்று பெலிசாரியோ எழுந்தார். "கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தது நான்தானே?"

"எல்லாரும் பேரை அடிக்கச் சொன்னா நான் யாருக்கு வேலை கொடுக்கறது? உக்காருங்க எல்லாரும்!" லவீனியா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அப்புறம் ஜுசாரா பக்கம் திரும்பினார். "பேரை அடிச்சா ஜூலைக்கு அப்புறம் இந்தக் கட்டிடத்துல உங்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

லவீனியா தாளை அவள் பக்கம் தள்ளினார். ஜுசாரா நடந்ததை நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லவீனியா அதைப் படித்தார். யார் பேரையும் அடிக்கவில்லை.

"முடிவை நாளைக்குச் சொல்றோம். எல்லாரும் கிளம்புங்க. ஜுசாரா, நீங்க மட்டும் இருங்க."

பெஞ்சுகள் நகர்ந்தன. நிவால்டோ வாசல் பக்கம் போகாமல் அவளிடம் வந்தான். அவள் முன்னால் வந்து வலது கையை நீட்டினான்.

அந்த ஊரில் அப்படிக் கை நீட்டி ஆசி கேட்பது பெற்ற தாய் தகப்பனிடமும் ஞானப் பெற்றோரிடமும்தான். அண்ணியிடம் யாரும் கேட்பதில்லை. அவனுடைய அம்மா போன நாளிலிருந்து அவன் யாரிடமும் கேட்டதில்லை.

"ஆசி கொடுங்க, அம்மா."

அத்தனை நேரம் கல்லாக நின்ற ஜுசாராவுக்கு உதடு துடித்தது. சுண்ணப்பொடி படிந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே. போ, உங்க அண்ணன் மத்தியானம் ஒண்ணுமே சாப்பிடல. கூட்டிட்டுப் போய் ஏதாவது சாப்பிட வை. நான் பேசிட்டு வரேன்."